பத்திரமான இடம்

சென்னியப்பன் எங்களோடு யாத்திரை வந்தது ஒரு தவம்தான். தவம் செய்தது நாங்கள்.

கோபிச்செட்டிபாளையத்தில் பூரணி அம்மாவிடம் ஆன்மிகப் பாடம் கேட்கிறவர்கள், அம்மாவோடு சேர்த்துப் பதினோரு பேர், இலங்கைக் கோயில்களைப் பார்க்கப் புறப்பட்டிருந்தோம். கொழும்பு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சென்னியப்பன் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் நெல் மண்டி நடத்தி ஓய்ந்தவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர்.

“ஆளுக்கொண்ணு வெச்சிருந்தா ஆளுக்கொரு பக்கம் தொலைச்சுப் போடுவீங்க” என்றார்.

யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் திருகோணமலை வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்திருப்பார்.

கவனமான மனிதர்தான், குறை சொல்ல முடியாது. எல்லாப் பாஸ்போர்ட்டுக்கும் ஊரிலேயே ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்திருந்தார். அந்த ஜெராக்ஸையும் பாஸ்போர்ட் இருந்த கறுப்புப் பைக்குள்ளேயே வைத்தார்.

அந்தப் பை ஓர் இடத்தில் இருந்ததில்லை. தலையணை உறைக்குள் வைப்பார். சாப்பிட உட்கார்ந்ததும் சந்தேகம் வந்து, எழுந்துபோய் அலமாரிக்கு மேலே மாற்றுவார். பிறகு அழுக்குத் துணிக்குள். ஒருமுறை குளியலறை வாளிக்குள் வைத்துவிட்டு, அதைக் காணோம் என்று எங்கள் எல்லோரையும் கட்டிலுக்கடியில் தவழ விட்டார்.

கோணேசரைத் தரிசித்துவிட்டு நிலாவெளிக் கடற்கரையில் ஒரு விடுதியில் தங்கினோம். அங்கே கடல் வெகுதூரம் முழங்காலளவுதான். பாடம் படிக்கிறவர்கள் என்பதெல்லாம் மறந்துபோய்ச் சின்னப் பிள்ளைகள் மாதிரி தண்ணீரில் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் கழுத்துச் சங்கிலிகளைக் கழற்றி, ஊர் திரும்பும்வரை பையிலேயே இருக்கட்டும் என்று சென்னியப்பனிடம் கொடுத்திருந்தார்கள். அவர் வேட்டி நனையாத தூரத்தில், பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா கரைக்கு வந்தார்.

“இறங்குங்கண்ணா. இவ்வளவு தூரம் வந்துட்டு.”

“பை இருக்குதுங்களேம்மா.”

“வேன்ல வெச்சுட்டு வாங்க.”

“டிரைவர் புது ஆளுங்க.”

“ரூம்ல லாக்கர் இருக்குதல்ல?”

“அதுக்கு இன்னொரு சாவி அவங்ககிட்ட இருக்குமுங்க.”

“அப்ப மணல்லயே நில்லுங்க” என்றார் அம்மா.

அம்மா பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவர் அல்ல. ஆனாலும் சென்னியப்பன் விடவில்லை. “மனசு ஒரு நிலையில நிக்கமாட்டேங்குதுங்கம்மா. அதுக்கு என்னங்க பண்றது?”

“முதல்ல அந்தப் பையை ஒரு இடத்துல இருக்க விடுங்க.”

அவர் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அன்று மாலையே பை இரண்டு இடம் மாறியது.

மறுநாள் காலையில் வேன் வாசலில் வந்து நின்றது. இரவு சென்னைக்கு விமானம். பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது சென்னியப்பன் வெளிறிய முகத்தோடு வந்தார்.

“பையைக் காணமுங்க.”

வாளியில் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது.

“எல்லா இடமும் பார்த்தாச்சு. நான் குளிச்சுட்டு டிபன் சாப்பிடப் போன நேரத்துல அந்தப் பொம்பளைதான் ரூமுக்குள்ள வந்திருக்குது. வேற ஆரும் வரலீங்க.”

அந்தப் பொம்பளை என்று அவர் சொன்னது அறைகளைச் சுத்தம் செய்யும் யோகராணியை. முதல் நாள் எங்களுக்குச் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர், கோயிலுக்குப் பூ எங்கே வாங்கலாம் என்று சொன்னவர். நாங்கள் தடுப்பதற்குள் சென்னியப்பன் வரவேற்பறைக்குப் போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டார். மேனேஜர் இளைஞர். உடனே யோகராணியைக் கூப்பிட்டார்.

“அக்கா, ஒருக்கா உங்கட பையைக் காட்டுங்கோ.”

“ஏன் தம்பி?”

“இவையின்ர பாஸ்போட்டுகளைக் காணேல்லையாம். நகையும் இருந்ததாம்.”

“நான் எடுக்கேல்லைத் தம்பி. விரிப்பு மாத்தினன், கூட்டினன், வந்திட்டன்.”

“காட்டுங்கோ அக்கா.”

அவர் காட்டுவதற்குள் மேனேஜரே பையை வாங்கி மேசைமேல் கவிழ்த்தார். ஒரு சாப்பாட்டுப் பெட்டி, குடை, சீப்பு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, மாற்றுச் சேலை, அதற்குள் சுருட்டி வைத்திருந்த உள்ளாடை. யோகராணி அதை மட்டும் அவசரமாகக் கையில் எடுத்து மூடிக்கொண்டார். பாஸ்போர்ட் இல்லை.

“வேற எங்கயாச்சும் குடுத்து வெச்சிருக்கும்” என்றார் சென்னியப்பன்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “அக்கா, எங்க வச்சிருக்கிறீங்க எண்டு சொன்னால் இதோட விட்டிடுவன். சொல்லாட்டிப் பொலிஸுக்குத்தான் அறிவிக்கோணும். பிறகு நீங்கள் வேலைக்கும் வர ஏலாது.”

“இந்த ஹோட்டல் திறந்த நாளிலயிருந்து இஞ்சதான் நிக்கிறன்” என்றார் யோகராணி.

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதோடு சரி, யாரும் வாய் திறக்கவில்லை. பாஸ்போர்ட் எங்களுடையதும்தானே.

சத்தம் கேட்டு அம்மா வேனிலிருந்து இறங்கி வந்தார். தோளில் எப்போதும் மாட்டியிருக்கும் துணிப்பை. மேசையைப் பார்த்தார். யோகராணியைப் பார்த்தார்.

“என்னண்ணா இது?”

சென்னியப்பன் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டார்.

“அவங்கதான் எடுத்தாங்கன்னு எப்படித் தெரியும்?”

“ரூமுக்குள்ள வந்தது அவங்க ஒருத்தருதானுங்களேம்மா.”

“நீங்க இருந்தீங்கல்ல?”

“நான் என் பொருளை நானே எடுப்பனுங்களா?” என்றார் சென்னியப்பன். பாவம், அவருக்கும் பயம்தான், பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். “சும்மா சொல்றீங்க. ஆரையும் சந்தேகப்படாம எப்படிங்கம்மா ஒரு பொருளைக் காப்பாத்தறது? நீங்களே சொல்லுங்க.”

அம்மா தோளிலிருந்த பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“பையைக் கொட்டிப் பார்க்கறதுன்னு ஆச்சு. என் பையையும் பாருங்க, தம்பி.”

“ஐயையோ, வேண்டாம் அம்மா” என்றார் மேனேஜர்.

“உங்க பையைப் போயிங்களா” என்று சென்னியப்பன் குறுக்கே கையை நீட்டினார். “அது சாமி பைங்க.”

“அவங்களுதும் பைதான்” என்று சொல்லிவிட்டு அம்மா தானே கவிழ்த்தார்.

புத்தகங்கள் விழுந்தன. திருநீற்றுப் பொட்டலம், மூக்குக் கண்ணாடி, முழங்கால் தைலம், எங்களுக்குத் தெரியாமல் வைத்திருந்த ஒரு முறுக்குப் பொட்டலம். கடைசியாகக் கறுப்புப் பை விழுந்தது.

மேனேஜர் அம்மாவைப் பார்த்தார். எங்களில் சிலரும் பார்த்தோம். அம்மா முகத்திலும் திகைப்புதான் இருந்தது.

சென்னியப்பன் பதறிப்போனார்.

“தம்பி, தப்பா நினைச்சுப் போடாதீங்க. அம்மா எடுக்கலீங்க. அம்மா எடுப்பாங்களா? நான்தானுங்க வெச்சேன். இப்ப ஞாபகம் வந்துருச்சு. குளிக்கப் போறதுக்கு முன்னால, இங்க பெஞ்சு மேல அம்மா கழட்டி வெச்ச பை இருந்துதுங்க, சாமி பையை ஆரும் தொடமாட்டாங்கன்னு புத்தகத்துக்கு அடியில சொருகினேன். சத்தியமா நான்தானுங்க.”

“மன்னிக்கோணும் அம்மா” என்றார் மேனேஜர் பூரணி அம்மாவிடம்.

யோகராணி மேசையில் கிடந்த தன் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். சீப்பு கீழே விழுந்தது. அம்மா குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

சென்னியப்பன் ஜிப்பைத் திறந்து பாஸ்போர்ட்டுகளை எண்ண ஆரம்பித்திருந்தார்.

“அண்ணா.”

“சொல்லுங்கம்மா.”

“அது அவங்க பையிலிருந்து விழுந்திருந்தா, உங்களுக்கு ஞாபகம் வந்திருக்குமா?”