கோரை மண்டிய வள்ளிக்கொல்லை

குளக்கரையில் இருந்த வள்ளிக்கொல்லைக்குத் துடியன் என்ற முயல் குடும்பத்தோடு திரும்பி வந்தது. சந்தைப்பேட்டையில் அழுகிய கேரட்டைக் கடித்துக்கொண்டு, தெருநாய்களுக்குப் பயந்து காலம் தள்ளியது போதும் என்றாகிவிட்டது. அப்பன் ஆண்ட கொல்லை இருக்கும்போது அந்தப் பிழைப்பு எதற்கு?

ஆனால் கொல்லையைப் பார்த்ததும் துடியனுக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் கோரைப்புல்! வரப்போரம் ஒரே ஒரு சர்க்கரைவள்ளிக் கொடிதான் மிஞ்சியிருந்தது. கோரைக்குள்ளே நரி ஒன்று சொந்த வீடு போலக் கால் நீட்டிப் படுத்திருந்தது.

"குட்டிங்கள வெளிய விடாதீங்க! புல்லு இருக்கிற வரைக்கும் நரி எங்கேருந்து பாயும்னே தெரியாது!" என்றது மனைவி செம்பி.

நரி இரை தேடிப் போகும் நேரமாகப் பார்த்துத் துடியன் வேலையில் இறங்கியது. முயலுக்குத் தெரிந்த வேலை கடிப்பதுதானே! கறுக் கறுக்கென்று கொல்லை முழுவதையும் மொட்டையடித்தது. ஒரு மழை பெய்தது. கோரை முன்னைவிட அடர்த்தியாக எழுந்து நின்றது.

திரும்பவும் அதற்குள் வந்து படுத்துக்கொண்ட நரி விழுந்து விழுந்து சிரித்தது. "நல்லா முடிவெட்டுறியே, துடியா! அடுத்த மாசமும் வா!"

துடியனுக்கு அவமானம் தாங்கவில்லை. ஆத்திரத்தில் ஒரு புல்லைப் பிடித்து இழுத்தது. அடியில் கறுப்பாக ஒரு கிழங்கும் சேர்ந்து வந்தது.

"அட மக்கு! உசுரு மண்ணுக்குள்ள இருக்கு, நீ தலைய வெட்டிக்கிட்டு இருந்திருக்கியே!" என்று தன்னையே திட்டிக்கொண்டது. நேரே மண்டையன் என்ற காட்டுப்பன்றியிடம் ஓடியது.

"அண்ணே! எங்க கொல்லை முழுக்கக் கோரைக்கிழங்கு புதைஞ்சு கெடக்கு. எனக்கு அவ்வளவு ஆழமாத் தோண்ட வராது. நீங்கதான் வரணும்!"

"கோரைக்கிழங்கா! அதுக்காக மலையையே புரட்டுவேனே! ஆமா, அது தீந்துபோனா?"

"வள்ளி போடுவேன். இலை எங்களுக்கு, கிழங்கு உங்களுக்கு!"

மண்டையன் தன் கூட்டத்தோடு வந்து இறங்கியது. பொழுது சாய்வதற்குள் கொல்லை ஏர் உழுத நிலம் போலப் புரண்டு கிடந்தது. ஒளிய ஒரு புல்கூட இல்லாமல் நரி வெட்டவெளியில் திருதிருவென்று விழித்தது. மண்டையன் ஒரே ஒரு உறுமல்தான் உறுமியது. நரி எடுத்த ஓட்டத்தைக் குளத்துத் தவளைகள்கூட எட்டிப் பார்த்தன!

மிஞ்சிய கொடியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொல்லையெங்கும் நட்டது துடியன். தை பிறந்தபோது வரப்பு தெரியாமல் பச்சை படர்ந்திருந்தது. குட்டிகள் நடுக்கொல்லையில் பயமில்லாமல் குதித்தன.

"இனி இந்தக் கொல்லைய எவன் தொடுறான்னு பாத்துடுவோம்!" என்றது மண்டையன், வாய் நிறையக் கிழங்கோடு.

தன் பல்லுக்கு எட்டாத வேலையைத் தகுந்தவனிடம் கேட்டு, விளைச்சலிலும் அவனுக்குப் பங்கு வைப்பவனே பாழான நிலத்தைத் திரும்பவும் ஆளுவான்.