மூன்று வாசல், ஒரு ஜோடிச் செருப்பு

எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் குரு என்று ஒருத்தி இருந்தாள். காவியும் கிடையாது, தாடியும் கிடையாது. இருபத்து மூன்று வயசு, ஈரோட்டுப் பக்கம், பெயர் குணவதி. பாடமெல்லாம் முடித்துவிட்டுப் பயிற்சி மருத்துவராக, மாட்டாஸ்பத்திரியை ஒட்டிய வரிசை அறைகளில் ஒன்றில் இருந்தாள்.

கன்று வயிற்றுக்குள் குறுக்கே நின்றுவிட்டால் எங்கள் பேராசிரியரே, "குணவதியைக் கூப்பிடுங்கம்மா" என்பார். அக்கா வந்து தோள்வரைக்கும் கையை விடுவாள். மாட்டோடு ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டே கன்றைத் திருப்பி எடுத்துவிடுவாள். அதைப் பார்த்த யாருக்கும் அவளைக் குரு என்று கூப்பிட வாய் கூசாது. நான் பார்த்திருக்கிறேன். பார்த்து அழுதும் இருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை.

அவளிடம் ஒரே ஒரு தொல்லைதான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லித் தொலைக்க மாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவள் அறை வாசலில் தலை உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா குழாயடியில் குந்தி உட்கார்ந்து தன் ரப்பர் கம்பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தொழுவத்துச் சாணியெல்லாம் அதில்தான் இருந்தது.

முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். ஜெசிந்தா. தூத்துக்குடி. வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இருந்தது.

"எக்கா, நீங்கதான் குருன்னு சொன்னாங்க."

"சும்மா சொல்லுவாளுங்க. என்ன வேணுங் கண்ணு?"

"எந்தக் கட்டடத்துல சேரட்டும்?"

எங்கள் விடுதி மூன்று கட்டடம். முல்லை, குறிஞ்சி, மருதம். புதுப் பெண்களை முதல் வாரம் சாப்பாட்டுக் கூடத்து மாடியில் பாய் போட்டுப் படுக்க வைப்பார்கள். ஞாயிறு சாயங்காலம் வார்டனம்மா சாவிக் கொத்தோடு வந்து உட்காருவார். அவரிடம் ஒரு கட்டடத்தின் பெயரைச் சொல்லிச் சாவி வாங்கினால் வாங்கியதுதான். ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது, அழுதாலும் புரண்டாலும்.

"முல்லை. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றேன். நான் முல்லைக்காரி.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நீ என்ன நினைக்கிற கண்ணு?"

"முல்லைன்னா ஜாலிங்காங்க. குறிஞ்சின்னா மெடலுங்காங்க. மருதம் பழைய கட்டடம், சாணி நாத்தம்ங்காங்க. எனக்கு ஒண்ணும் புரியல எக்கா. தப்பா எடுத்துட்டா என்ன செய்யுதது?"

"தப்பா எடுத்தா என்ன ஆயிரும்?"

அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அப்புறம் மடமடவென்று கொட்டிவிட்டாள்.

"பிளஸ் ஒண்ணு, பிளஸ் டூ ரெண்டும் தங்கிப் படிக்கிற ஸ்கூல்ல போட்டாங்க. காலையில எந்திச்சா படிப்புதான். பக்கத்துல இருக்கவகிட்ட பேசினா முட்டி போடணும். மார்க்கெல்லாம் வந்துச்சு. பரீட்சை முடிஞ்சு வீட்டுக்குப் போறேன், எங்கம்மா 'சாப்ட்டியாளா'ன்னு கேக்கா. எனக்கு வாயில பதில் வரல எக்கா. தலையத்தான் ஆட்டுதேன். எங்கம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டா. இன்னொரு தடவ அப்படி ஆனா நான் தாங்க மாட்டேன். அதுக்காக ஜாலியா இருந்து அரியர் விழுந்துச்சுன்னா? இந்தப் படிப்புக்காகத்தானே அத்தனையும் பட்டேன்."

அக்காவின் கையில் பிரஷ் நின்றுவிட்டது. இரண்டு வருஷம் வாயைக் கட்டிப்போட்டுப் படிக்கவைத்தவர்களை நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இப்பவே மூணு கட்டடத்துக்கும் போ. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய் அவங்களோட உட்காரு. சித்த நேரம் கழிச்சு, 'படிக்கோணும், கிளம்பறேன்'னு சொல்லிட்டு எந்திரிச்சு வா. ஒவ்வொண்ணா போயிட்டு வந்து என்ன நடந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லு."

"அவ்வளவுதானா?"

"வரும்போது கேன்டீன்ல ஒரு டீ சொல்லிட்டு வா."

நடந்ததை அவள் வந்து சொன்னபடியே சொல்கிறேன்.

முதலில் முல்லை. உள்ளே கால் வைத்ததும், "ஏய், தூத்துக்குடி வந்துட்டா!" என்று ஒருத்தி கத்த, நாலு அறைக் கதவு திறந்தது. "உங்க ஊர் மக்ரூன் எங்கடி?" என்று பையைத் தடவிப் பார்த்தார்கள். முறுக்கு வந்தது. ஒருத்தி எங்கள் கல்லூரி முதல்வர் மாட்டுக்குப் பயந்து ஓடியதை நடித்துக் காட்டினாள். ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "படிக்கணும், கிளம்புதேன்" என்று எழுந்தாள். "உட்காருடி, பெரிய டாக்டரு!" என்று இழுத்து உட்கார வைத்தார்கள். மறுபடி எழுந்தாள். மறுபடி இழுத்தார்கள். கடைசியில் தப்பித்து வாசலுக்கு வந்தால் செருப்பைக் காணோம். ஒன்று ஜன்னல் மேல் இருந்தது. இன்னொன்றைக் குளியலறை வாளிக்குள் கண்டுபிடிக்கும்போது மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

"முல்லைதான் எக்கா! நான் சிரிச்சுட்டேன், தெரியுமா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நாங்க புடிச்ச ஆளை லேசுல விடமாட்டோம்" என்றேன்.

"தெரியும்" என்றாள் அக்கா. "இன்னும் ரெண்டு இருக்குது. சாப்புட்டுட்டுப் போயிட்டு வா."

குறிஞ்சியில் ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு, ஓரமாக, நேராக. ஜெசிந்தா ஒரு கதவைத் தட்டினாள். கண்ணாடி போட்ட ஒருத்தி திறந்து, உதட்டில் விரலை வைத்து, ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டுப் போய்ப் புத்தகத்தில் குனிந்துகொண்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை. மின்விசிறி மட்டும் கடகடத்தது. "படிக்கணும், கிளம்புதேன்" என்றாள் ஜெசிந்தா. அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமலே ஆட்டினாள். செருப்பு விட்ட இடத்தில் விட்டபடியே கிடந்தது.

"படிக்கணும்னா அதுதான் எக்கா இடம்" என்று வந்து சொன்னாள். சொல்லும்போது கை தொண்டைக்குப் போய்விட்டது. "ஆனா அவ தலையை ஆட்டினாள்ல, அது என்னை மாதிரியே இருந்துச்சு."

அக்கா, ஊற வைத்திருந்த பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள்.

"இன்னும் ஒண்ணு" என்றாள்.

ஜெசிந்தா மருதத்துக்குள் நுழைந்த சமயம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பிடித்தது பாருங்கள் ஒரு மழை! நான் எழுந்து அக்காவின் துணிகளைக் கொடியிலிருந்து உருவி உள்ளே போட்டேன். அடித்துப் பெய்துவிட்டு ஓய்ந்தது. அப்புறமும் அந்தப் பெண்ணைக் காணோம். வெயில் எட்டிப்பார்த்த பிறகுதான் வந்தாள். வந்தவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள்.

"மருதம் வேண்டாம் எக்கா."

"ஏன், நாத்தமா?"

"அதெல்லாம் இல்ல. நாலு பேரு தரையில பேப்பரை விரிச்சு மாட்டெலும்பைப் பரப்பி வெச்சு, இது வலது காலா இடது காலான்னு அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. எங்கையிலயும் ஒண்ணைக் குடுத்து, 'நீ சொல்லு'ன்னாங்க. நான் தப்பாச் சொன்னேன். 'அப்ப இந்த மாட்டுக்கு மூணு வலது கால்'னு ஒருத்தி சொன்னா. சிரிச்சோம். மழை வந்துச்சு. ஒருத்தி எந்திச்சுப் போயிட்டு ஈரத் தலையோட வந்தா. அப்புறம் அவங்கவங்க புத்தகத்தை எடுத்துட்டாங்க. கடலை மட்டும் நடுவுல கெடந்துச்சு. நானும் அவங்க புத்தகம் ஒண்ணைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். நேரம் போனதே தெரியல."

"நல்லாத்தானே இருந்திருக்கு?" என்றேன் நான். கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சு. அதான் எனக்கு ஆத்தாமை." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "படிக்கணும், கிளம்புதேன்னேன். 'சரி, போயிட்டு வா'ங்காங்க. நாலு பேருல ஒருத்தி, ஒரே ஒருத்திகூட, 'இரு ளா, இப்ப என்ன அவசரம்'னு சொல்லலை எக்கா. எங்க ஊர்ல வேண்டாத விருந்தாளியக்கூட ரெண்டு தடவ இருக்கச் சொல்லுவாங்க. அவங்களுக்கு நான் வேண்டாம். முல்லைக்கே போயிடுதேன்."

சொல்லிவிட்டு விருட்டென்று திரும்பினாள். வார்டனம்மா வந்து உட்காரும் நேரம் ஆகிவிட்டது.

"கண்ணு" என்று கூப்பிட்டாள் அக்கா. "மருதத்துல செருப்பை எங்க கழட்டின?"

"வெளிப்படியில."

"மேல கூரை இருக்குதா அங்க?"

"இல்ல."

"அந்த மழையில தெப்பமா நனைஞ்சிருக்குமே."

ஜெசிந்தா குனிந்து காலைப் பார்த்தாள். அடியில்தான் சேறு ஒட்டியிருந்தது. மேல்வார், அவள் அம்மா பார்த்துப் பார்த்து வாங்கிய நீலத் துணிவார், காய்ந்தே இருந்தது.

"கிளம்பறப்போ எங்க இருந்துச்சு?"

"உள்ள. கதவுக்குப் பின்னால. ஒரு பேப்பர் மேல இருந்துச்சு."

"நீ எடுத்து வெச்சியா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு, ஈரத் தலையோடு வந்த அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு எங்கள் முல்லைக் குளியலறை வாளி ஞாபகம் வந்தது. என் பெருமையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"எக்கா" என்றாள் ஜெசிந்தா. "செருப்பு நனையக் கூடாதுன்னு மழையில ஓடினவ, 'இரு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அக்கா கம்பூட்ஸை எடுத்து வெயிலில் சாய்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"படிக்கோணும்னு நீ சொன்னியல்ல கண்ணு. அவங்க அதை நம்புனாங்க."