வைத்திலிங்கத்தின் வெள்ளைத் துண்டு

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. சொன்னவர், அதில் ஜெயித்த பக்கிரிசாமி அண்ணனேதான். ஆனால் ஜெயித்த மனிதரின் முகம் அவருக்கு இல்லை.

அவர் குத்தகைக்கு உழுதது நான்கு மா நிலம். அதை ஒட்டியே நிலத்துக்காரர் வைத்திலிங்கத்தின் சொந்த வயல். மூன்று தடவை பூச்சிமருந்து அடித்தும் அதில் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி விழுந்து, கதிர் வரும் நேரத்தில் பயிர் வட்டம் வட்டமாகக் கருகியது. மருந்தே அடிக்காத பக்கிரிசாமியின் பயிரோ பச்சையாக நின்றது.

வைத்திலிங்கம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரப்புக்கு வந்தார்.

"பூச்சியை வளர்த்து என் வயலுக்கு அனுப்புறியாடா? நாளைக்குள்ள மருந்தடி. இல்லேன்னா குத்தகையை விட்டுட்டுப் போ."

"அடிக்கிறேங்கய்யா. அதுக்கு முன்னாடி உங்க தோள் துண்டைக் கொஞ்சம் கொடுங்க."

அந்த வெள்ளைத் துண்டை வைத்திலிங்கத்தின் பயிருக்கு அடியில் பிடித்துத் தூரைத் தட்டினார். புகையான் பொலபொலவென்று உதிர்ந்து துண்டே பழுப்பானது; ஒரு சிலந்திகூட இல்லை. உதறிவிட்டுத் தன் பயிரைத் தட்டினார். நாலைந்து பூச்சிதான் விழுந்தது. கூடவே விழுந்த சிலந்திகள் அவற்றைக் கவ்விக்கொண்டு ஓடின.

"காவக்காரனுக்கு விஷம் வச்சது நீங்க. திருடன் என் வீட்டிலேருந்து வந்தான்னா எப்படிங்கய்யா?"

வரப்பில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வைத்திலிங்கம் துண்டைக்கூட வாங்காமல் நடந்தார்.

அறுவடை முடிந்ததும் குத்தகை போயிற்று. அடுத்த பட்டத்தில் அந்த நான்கு மாவும் கருகியது. வைத்திலிங்கம் சொன்னபடி அதற்குக் கூலிக்கு மருந்தடித்தவர் பக்கிரிசாமி.

போன மாதம் கேட்டேவிட்டேன்: "அண்ணே, அன்னைக்குத் துண்டைக் காட்டிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, அந்த நிலமாவது பிழைச்சிருக்குமா?"