பன்னிரண்டாவது இலை

“எனக்கு வலி போகணும். அவ்வளவுதான். மிச்சத்தை டாக்டர் பாத்துக்குவார்.”

சங்குமணி வாத்தியார் இதைச் சொன்னது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ஓர் எழுத்து மாறவில்லை. முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவர். பேச்சும் விசில் ஊதுகிற மாதிரிதான்.

“வலிக்குன்னே தனியா கிளினிக் வச்சிருக்காரு. அவர்கிட்ட போய் வலி போகணும்னு சொல்லப்போறீங்க,” என்றார் அம்மை. “அது அவருக்குத் தெரியாதாக்கும்.”

அம்மை என்றால் மரகதவல்லி அம்மை. ஆற்றங்கரை மடத்துக்கு அவர்தான் குரு. வாத்தியாரைவிடப் பதினாறு வயது சின்னவர். மடத்துக்கு வருமுன் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவர். விலாசம் அரைகுறையாக எழுதிய கவரை அன்றைக்கும் வாங்கியதில்லை, இன்றைக்கும் வாங்குவதில்லை.

பௌர்ணமிதோறும் மடத்தில் பந்தி நடக்கும். வரிசைக்கு இருபது இலை. பன்னிரண்டு வருஷமாகச் சாம்பார் வாளி வாத்தியார் கையில்தான். பந்தியில் ஒரு சொட்டு சிந்தியதில்லை. எட்டு மாதத்துக்கு முன் இடுப்பு பிடித்துக்கொண்டது. வாளி கோமதிநாயகத்திடம் போனது. கோமதிநாயகம் நல்ல மனிதர், ஆனால் பாயசத்தில் சாம்பார் ஊற்றுவார். வாத்தியாரை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, விபூதிப் பொட்டலம் கொடுக்கச் சொன்னார்கள். அந்த நாற்காலியில் எட்டு பௌர்ணமி கழிந்துவிட்டது.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு டவுனில் கிளினிக். அதற்குத்தான் ஆசி வாங்க வந்திருந்தார். விபூதி வாங்கினோமா, போனோமா என்று இருக்கும் என நினைத்தார். அம்மை விடுகிறவர் இல்லை.

“சரி, நான்தான் டாக்டர். எங்க வலிக்குது?”

“உடம்பு பூரா.”

“எப்ப வலிக்குது?”

“எப்பவும்.”

“இப்ப?”

வாத்தியார் இடுப்பைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். “இப்ப இல்ல.”

“அப்ப எப்பவும்னு சொன்னது யாரு?”

வாத்தியாருக்குக் காது சிவந்தது. மைதானத்தில் எத்தனையோ பையன்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவரிடம் வந்திருக்கிறார்கள். வலிக்குது சார் என்று வாயைத் திறக்குமுன், ஓடினா சரியாப்போகும், ஓடு என்று அனுப்பிவிடுவார். அவர் காதில் வலி ஒரு வாக்கியமாக முடிந்ததே கிடையாது. தன் முறை வந்தபோது சொல்ல வார்த்தை இல்லை.

அம்மை அவருடைய துணிப்பையை இழுத்துப் பாயில் கவிழ்த்தார். மூன்று டாக்டர்கள் எழுதிய மாத்திரைகள், வைத்தியர் கொடுத்த லேகியம், மருந்துக்கடைக்காரர் சீட்டில்லாமலே எடுத்துக் கொடுத்த சிவப்பு மாத்திரை, பாதி தீர்ந்த தைலம். இத்தனையும் டாக்டருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, தெரிந்தால் கோபித்துக்கொள்வார், அதனால் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதாக இருந்தேன் என்றார் வாத்தியார். அதோடு விட்டாரா? காலையில் பஸ் ஏறுமுன் சிவப்பு மாத்திரை இரண்டு போட்டுக்கொள்வதாகவும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை எடுத்து வைத்திருப்பதாகவும் சேர்த்துச் சொன்னார். டாக்டர் முன்னால் முனகிக்கொண்டு உட்கார்ந்தால் மரியாதையாக இருக்காதாம்.

“பொண்ணு பாக்கவா போறீங்க?” என்றார் அம்மை.

பையில் எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப்போட்டு அவர் மடியில் வைத்தார். எதைப் போட்டாலும் போட்டேன் என்று சொல்லவேண்டும், பை கூடவே போகவேண்டும் என்றார். ஊசி போடுகிறேன் என்று டாக்டர் சொன்னால் எதற்கு, எத்தனை நாள் தாங்கும், அப்புறம் என்ன என்று கேட்கவேண்டும் என்றும் சொன்னார். அப்படியெல்லாம் எதிர்க்கேள்வி கேட்டால் டாக்டர் என்ன நினைப்பார் என்று வாத்தியார் இழுத்தார்.

“கோச்சுக்கிட்டா வேற டாக்டர். இடுப்பு ஒண்ணுதான் இருக்கு.”

அம்மை கொஞ்சம் தணிந்து கேட்டார்.

“வலி போயிட்டா என்ன பண்ணுவீங்க?”

வாத்தியார் கூடத்தைப் பார்த்தார். அன்று பௌர்ணமி. முதல் வரிசையில் இலை போட்டு, சோறு வைத்துக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் வாளியைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்.

“வாளி,” என்றார் வாத்தியார். குரல் விசில் மாதிரி வரவில்லை.

அம்மை எழுந்து போய்க் கோமதிநாயகத்தை நிறுத்தினார். வாளியில் பாதியை அண்டாவில் கொட்டச் சொன்னார். மிச்சப் பாதியை வாத்தியாரிடம் கொடுத்தார்.

“எண்ணிக்கிட்டே போங்க. வலி வர்ற இடத்துல நில்லுங்க. பல்லைக் கடிச்சிட்டு அடுத்த இலைக்குப் போனீங்கன்னா ஆயுசுக்கும் விபூதிதான்.”

கோமதிநாயகம் பக்கத்திலேயே கையை நீட்டியபடி நடந்தார். வாத்தியார் குனிந்தார், ஊற்றினார், நிமிர்ந்தார். ஒன்று. இரண்டு. ஐந்தாவது இலையில் ஒரு கிழவர், வாத்தியாரா, வாங்க வாங்க, இன்னைக்காவது பாயசம் பாயசமா இருக்கும் என்றார். கோமதிநாயகம் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். எட்டு. ஒன்பது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

பன்னிரண்டாவது இலைக்குக் குனியும்போது வாத்தியார் நின்றார். அடுத்த அடி எடுத்து வைக்கத்தான் பழக்கம் தள்ளியது. வைக்கவில்லை. வாளியைக் கோமதிநாயகத்திடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி, கொஞ்ச நேரம், பாடம் கேட்கிற பையனைப் போல் உள்ளே கவனித்தார்.

திரும்பி வந்து அம்மை முன்னால் நின்றார்.

“பதினோரு இலை வரைக்கும் ஒண்ணுமில்ல. பன்னெண்டுக்குக் குனியறப்ப இடது இடுப்புல பிடிச்சு, பின்தொடை வழியா குதிகால் வரைக்கும் சுண்டுது. நிமிந்து நின்னா நூறு எண்ணுறதுக்குள்ள இறங்கிடுது. வலது பக்கம் கிடையாது. உடம்பு பூராவும் கிடையாது.”

தன் வாயிலிருந்து இத்தனை வந்ததில் அவருக்கே ஆச்சரியம். கூடவே ஒரு சந்தோஷம். வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் வேலிக்குள் நின்றது.

“வரிசைக்கு எத்தனை இலை?” என்றார் அம்மை.

“இருபது.”

“மிச்சம் ஒன்பது இலை இருக்குல்ல, நாளைக்கு டாக்டர்கிட்ட அதைக் கேளுங்க.”

வாத்தியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனார். நாற்காலியைத் தாண்டி நின்று, கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். கோமதிநாயகம் பதினேழாவது இலையில் பாயசத்துக்குப் பக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்தார்.

“எனக்குச் சரியாகிற வரைக்கும் வாளியைப் புதுசா யார்கிட்டயும் குடுத்துடாதீங்க, தாயே,” என்றார்.

எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.