ஓடைக்கரை உறுப்பினர் தட்டிய தட்டு

ஒரு காட்டில் சட்டமன்றம் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள் குழந்தைகளே! காட்டிலும் சண்டை வரும். வந்தால் பேசித் தீர்க்க ஓர் இடம் வேண்டாமா? பெரிய ஆலமரத்தடியில் வட்டமாக மரக்கட்டைகள் போட்டிருந்தார்கள். பகுதிக்கு ஓர் உறுப்பினர், உறுப்பினருக்கு ஒரு கட்டை. ஆமையார்தான் அவைத் தலைவர்.

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. தீர்மானம் பிடித்திருந்தால் உறுப்பினர்கள் தங்கள் கட்டையைத் தட்ட வேண்டும். ஆமையாருக்குக் கண் மங்கல். தலைகளை எண்ண முடியாது. ஆகவே சத்தம் பலமாகக் கேட்டால் "நிறைவேறியது" என்பார். கேட்காவிட்டால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வார்.

ஓடைக்கரையின் உறுப்பினர் கொண்டையப்பன் என்ற மரங்கொத்தி. அவனைத் தேர்ந்தெடுத்ததே அந்த அலகுக்காகத்தான்.

"நம்ம ஆள் தட்டினா அவையே அதிரும்ல!" என்று ஓடைக்கரை எலிகள் பீற்றிக்கொண்டன.

அந்த ஆண்டு ஓடைக்கரைக்கு ஒரே ஒரு தேவை இருந்தது. பட்டுப்போன இலவமரம் ஒன்று ஓடைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. சேறும் சருகும் அடைத்துக்கொண்டு அது ஓர் அணையாகவே ஆகிவிட்டது. மழை வந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் பக்கத்து மணல்மேட்டில் ஏறும். அந்த மணல்மேட்டில், வெறுந்தரையில், ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தாள்.

கூட்டத்தொடருக்குக் கிளம்பிய கொண்டையப்பனை அவள் வழிமறித்தாள்.

"ஐயா, என் பிள்ளைங்க பொரிய இன்னும் பதினெட்டு நாள் ஆகும். அதுக்குள்ள மழை பிடிச்சுதுன்னா நாலும் போயிடும். காட்டுல இருக்கிறதே ரெண்டு யானை. அதுங்கள ஒரு காலைப்பொழுது இங்க அனுப்பச் சொல்லிக் கேளுங்க, மரத்த இழுத்துப் போட்டுடும். வேற எதுவும் நாங்க கேக்கலை."

"இது ஒரு பெரிய விஷயமாம்மா? நான் தட்டுற தட்டுல யானை ஓடி வராதா? நீ நிம்மதியா அடைகாத்துட்டு இரு!" என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

கூட்டத்தொடர் பத்து நாள். முதல் நாள் ஆலமரத்தின் நிழலுக்கு நன்றி தெரிவித்தார்கள். டொக் டொக் டொக்! மறுநாள் ஆமையாரின் ஓட்டைப் பாராட்டினார்கள். டொக் டொக் டொக்! பேசுவதற்குக் கொண்டையப்பனுக்கும் நேரம் கொடுத்தார்கள். வரும் வழியெல்லாம் மான்கள் தன் கொண்டையை எப்படி அண்ணாந்து பார்த்தன என்பதை அரைமணி நேரம் விவரித்துவிட்டு உட்கார்ந்தான். யானை என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை.

நான்காம் நாள் கரடியார் சட்டென்று எழுந்து வெளிநடப்புச் செய்தார். கொண்டையப்பனும் பின்னாலேயே வெளிநடப்புச் செய்தான். வெளியே வந்த பிறகுதான், "எதுக்குண்ணே வந்தோம்?" என்று கேட்டான்.

"எனக்குப் பசிச்சுது, தேன் எடுக்க வந்தேன். நீ எதுக்கு வந்த?" என்றார் கரடியார்.

இப்படியே நாள் ஓடிப் பத்தாம் நாளும் வந்தது. ஆமையார் கழுத்தை நீட்டி, "இந்த மாதம் யானைகளை எங்கே அனுப்புவது? வேண்டியவர்கள் கேட்கலாம்" என்றார்.

கொண்டையப்பன் வாய் திறக்கும் முன்பே பாதைகள் துறை அமைச்சர் நரியார் எழுந்துவிட்டார். ஓடைக்கரை மரம் பற்றி அவருக்கு முன்பே தெரியும். கொண்டையப்பனைப் பற்றியும் நன்றாகத் தெரியும்.

"மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே! இந்த அவையின் முத்து, ஓடைக்கரையின் சொத்து, எங்கள் கொண்டையப்பனாரை முதலில் வணங்குகிறேன். பத்து நாளில் நூற்றுப் பன்னிரண்டு முறை கட்டையைத் தட்டிய சாதனையாளர் அவர்!"

கொண்டையப்பனின் கொண்டை விறைத்து நின்றது.

"அவர் தட்டும் ஓசையல்லவா ஓசை! அன்னாரின் புகழை வாழ்த்தி, இரண்டு யானைகளும் இந்த மாதம் முழுவதும் என் குகை வாசலுக்குப் பாதை போட வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிந்து அமர்கிறேன்!"

"புகழை வாழ்த்தி" என்பதோடு கொண்டையப்பனின் காது நின்றுபோயிற்று. டொக் டொக் டொக் டொக்! கட்டையில் சிராய் பறந்தது. வேறு யாரும் தட்டவில்லை. அந்த ஒரு சத்தமே போதுமானதாக இருந்தது.

"நிறைவேறியது! அவை ஒத்திவைக்கப்படுகிறது" என்றார் ஆமையார்.

ஓடைக்கரைக்குத் திரும்பிய கொண்டையப்பன் ஒரு பாறைமேல் ஏறி நின்றான்.

"நூத்திப் பதிமூணு தடவை! இதுவரைக்கும் எந்த உறுப்பினரும் இத்தனை தடவை தட்டினதில்ல. அமைச்சரே எழுந்து என்னை வணங்கினாரு!"

"சந்தோஷம் ஐயா. அதுல எங்க மரத்துக்காக எத்தனை தடவை?" என்று கேட்டாள் ஆட்காட்டி.

கொண்டையப்பன் யோசித்தான். யோசிக்க யோசிக்கக் கொண்டை சாய்ந்தது.

"கடைசியா அமைச்சர் பேசினாரு... யானைன்னு என்னவோ சொன்னாரு... குகை வாசலுக்குப் பாதைன்னு..."

"அதுக்கு நீங்க தட்டினீங்களா?"

"தட்டினேனே" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

மேற்கே இடி உறுமியது. முட்டை பொரிய இன்னும் எட்டு நாள் இருந்தது. ஆட்காட்டி அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்குத் தட்டத்தான தெரியும்? அந்தா கிடக்குது மரம். போய்த் தட்டுங்க!"

அவன் அவமானத்தோடு பறந்து போனான். இலவமரத்தின் நடுவில் உட்கார்ந்து கொத்தத் தொடங்கினான். எலிகள் அடியில் இருந்த சேற்றைப் பறித்தன. ஒரு நாள் கொத்தினான், இரண்டு நாள் கொத்தினான். மூன்றாம் நாள் அலகு நுனி மழுங்கிவிட்டது. இங்கே பாராட்ட யாரும் இல்லை, வணங்க அமைச்சரும் இல்லை. இருந்தும் நிறுத்தவில்லை.

நான்காம் நாள் பிற்பகல் மழை கொட்டியது. தண்ணீர் மரத்தில் மோதித் திரும்பி மணல்மேட்டில் ஏறியது. முதல் முட்டைக்கு இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. ஆட்காட்டி இறக்கையை விரித்து முட்டைகளின்மேல் படுத்துக்கொண்டாள்.

டொக். டொக். டொக்.

படார்! இலவமரம் இரண்டாக முறிந்தது. ஓடை தன் வழியே பாய்ந்தோடியது. நான்கு முட்டைகளும் தப்பின. நான்கு நாள் கழித்து நான்கு குஞ்சுகள் மணலில் ஓடின.

அடுத்த கூட்டத்தொடர் வந்தது. நரியார் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"இந்த அவையின் முத்து, ஓடைக்கரையின் சொத்து..."

ஆமையார் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். சத்தமே வரவில்லை. மழுங்கிய அலகை மெல்லத் திறந்தான் கொண்டையப்பன்.

"முத்தும் சொத்தும் இருக்கட்டும், அமைச்சரே. கடைசி வரியை முதலில் சொல்லுங்கள்."

நரியாருக்குக் கடைசி வரி மறந்துபோய்விட்டது. அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

நீதி: புகழுக்கு மயங்கித் தட்டும் கை தன் வீட்டையே இடிக்கும், எதற்கென்று கேட்டுத் தட்டு.