ஈரமணல் சட்டி

வையாபுரிக்கு எழுபதாவது வயதில் ஓர் ஆசான் கிடைத்தார். ஆசானுக்கு வயது முப்பத்திரண்டு. உப்பளத்தில் உப்புச் சுமக்கும் பெண். பெயர் ஜெபக்கனி. தனக்கு ஒரு சீடர் வாய்த்திருப்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

வையாபுரி உப்பளத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் துண்டுப் பிரசுரங்கள் சொல்லித் தந்தவை. ஏழு முறை சிறை. கடவுள் இல்லை என்று பதினாறு வயதில் முடிவு செய்தார். அதை மறுபடி யோசிக்க முதலாளிகள் அவருக்கு ஓய்வு தரவில்லை. யார் முன்னும் மண்டியிட்டதில்லை என்பது ஒன்றுதான் அவர் சேர்த்த சொத்து. அதை அடிக்கடி சொல்லியும் காட்டுவார்.

ஜெபக்கனியின் மகள் பெனினாளுக்கு ஒன்பது வயது. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை. காலையிலும் மாலையிலும் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட வேண்டும். இரண்டு நாள் தவறினால் மயங்கி விழுவாள். அதற்கு மேல் தவறினால் பிழைக்க மாட்டாள் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஒரு சின்ன மண்சட்டி இருந்தது. சட்டிக்குள் ஈரமணல். மணலில் பாதி புதைந்த எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்குள் மருந்துக் குப்பியும் ஊசிகளும். மேலே ஓர் ஈரத்துணி. குடிக்கவே தண்ணீர் வராத அந்த ஊரில் தன் பங்குத் தண்ணீரை முதலில் மணலுக்கு ஊற்றிவிட்டுத்தான் ஜெபக்கனி குடிப்பாள்.

சங்க அலுவலகம் அவள் வீட்டுக்கு எதிர்ப்புறம். ஒரு நாள் காலை வையாபுரி அவள் வாசலுக்கு வந்தபோது அவள் மருந்து எடுப்பதைக் கவனித்தார்.

ஜெபக்கனி குப்பியை எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டினாள். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது.

"மருந்துக்கு எதுக்கு ஜெபம்? அது தானா வேலை செய்யுமே" என்றார் வையாபுரி.

"இத உருட்டித்தான் கலக்கணும் அண்ணாச்சி. குலுக்கப்பிடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்கு."

"நான் உதடு அசையுறதக் கேட்டேன்."

"கை சும்மா இல்ல. வாய் மட்டும் சும்மா இருக்கணுமாக்கும்."

"மூணு வருசமா ஜெபிச்சுக்கிட்டிருக்க. சுகமாச்சா?"

ஜெபக்கனி ஊசியில் மருந்தை ஏற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்த்தாள்.

"நீங்க கோஷம் போடுதியளே. கூலி ஏறுதா?"

"ஏறியிருக்கு."

"போட்ட அன்னைக்கேவா?"

பெனினாள் சட்டையைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். வையாபுரி எதிர்ப்புறம் போய்விட்டார்.

அந்த வாரம் ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். ஞாயிறு மாலை பள்ளி மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம். வெளியூரிலிருந்து ஒரு கிறிஸ்தவ ஊழியக்காரர் வருகிறார்.

வையாபுரிக்கு அந்தக் கூட்டம் தெரியும். மேடையில் ஒரு பெரிய கூடை இருக்கும். விசுவாசிக்கிறவர்கள் மாத்திரையையும் மருந்துச் சீட்டையும் அதில் போட்டுவிட்டுச் சாட்சி சொல்ல வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் சங்கத்துச் செல்லையா தன் காசநோய் மாத்திரைகளை அப்படித்தான் போட்டார். கூட்டமே கை தட்டியது. ஐந்தாம் மாதம் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வையாபுரி அதைப் பற்றி ஒரு பிரசுரம் எழுதி மூவாயிரம் பிரதி அடித்தார். படித்தவர்கள் நடை நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். செல்லையா எழுந்து வரவில்லை.

வையாபுரி ஜெபக்கனியிடம் போனார்.

"போகாத."

"போவேன் அண்ணாச்சி. அன்னைக்கு இவளுக்காக ஜெபிக்காவ."

"எத்தன குப்பி வச்சிருக்க?"

"ஒண்ணு. அடுத்தது ஆஸ்பத்திரியில ஒம்பது நா கழிச்சுத்தான்."

"அதையும் கூடையில போடச் சொல்லுவான்."

"சொல்லுவாரு."

"போடுவியா?"

 ஜெபக்கனி சட்டியிலிருந்து கொஞ்சம் மணலைக் கிள்ளி, பிடித்துப் பார்த்து, மறுபடி சட்டிக்குள் விட்டாள்.

"நீங்களும் வாங்க" என்றாள்.

"நானா? அந்தக் கூட்டத்துக்கா?"

"ஏன், கடிச்சிருவாங்களா?"

வையாபுரி போனார். அவருக்குள் ஒரு கணக்கு இருந்தது. ஊர் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கும். ஒலிபெருக்கி இருக்கும். ஒரு நிமிடம் மைக் கையில் கிடைத்தால் செல்லையாவின் பெயரைச் சொல்ல வேண்டும். எட்டு வருடமாக அந்தப் பேச்சு அவரிடம் தயாராக இருந்தது.

மைதானத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால், மண்ணில் சனங்களோடு உட்கார்ந்தார்கள். பாட்டு நடந்தது. ஊழியக்காரருக்கு நல்ல குரல். பேசும்போது அழுதார். அவர் நடிக்கவில்லை என்பது வையாபுரிக்குத் தெரிந்தது. அயோக்கியனாக இருந்தால் சமாளிப்பது எளிது. இவர் தான் சொல்வதை நம்பினார்.

கூடை நிறையத் தொடங்கியது.

பெனினாளின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஜெபக்கனி எழுந்தாள். இடுப்பில் இடுக்கியிருந்த சட்டியை எடுத்து வையாபுரியின் மடியில் வைத்தாள்.

"இத வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"ஏன் எங்கிட்ட?"

"அங்க போனா எனக்கு நெஞ்சு நெறஞ்சிரும். அப்ப என் கைய நானே நம்பமாட்டேன். இந்த மைதானத்துல இதத் தூக்கிப் போடாத ஆளு நீங்க ஒருத்தருதான்."

அவர் பேசுவதற்குள் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

மேடையில் ஊழியக்காரர் பெனினாளின் தலையில் கை வைத்து ஜெபித்தார். நெடுநேரம் ஜெபித்தார். ஜெபக்கனி கைகளை விரித்து நின்றாள். முகமெல்லாம் கண்ணீர். எழுபது வருடத்தில் வையாபுரி எத்தனையோ மேடையைப் பார்த்தவர். அரைமனதோடு நிற்பவர்களைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். அவள் அரைமனதோடு நிற்கவில்லை.

"சகோதரி, விசுவாசிக்கிறீர்களா?" என்று மைக்கில் கேட்டார் ஊழியக்காரர்.

"விசுவாசிக்கேன் ஐயா."

"அப்படியானால் அந்த ஊசி இனி எதற்கு? கூடையில் போடுங்கள்."

ஜெபக்கனியின் கை இடுப்புப் பக்கம் போனது. வழக்கமாக அங்கேதான் சட்டியை இடுக்கியிருப்பாள். கை எதையோ தேடியது. வையாபுரி அதைப் பார்த்தார். சட்டி அங்கே இருந்திருந்தால் அந்த நேரத்தில் அது கூடைக்குள் போயிருக்கும்.

"எங்கிட்ட இல்ல ஐயா" என்றாள். "கீழ ஒரு அண்ணாச்சிகிட்ட இருக்கு."

"அந்தச் சகோதரர் எங்கே? மேடைக்கு வாருங்கள்."

முன்வரிசைகள் திரும்பித் தேடின. ஒலிபெருக்கி அவரை அழைத்தது. மேடையில் வழி விட்டார்கள். மைக் காத்திருந்தது. செல்லையாவின் பெயர் அவர் நாக்கு நுனியில் இருந்தது.

எழுந்தால் சட்டியோடு எழ வேண்டும். போனால் சட்டியும் மேடைக்குப் போகும். அத்தனை கைகளுக்கு நடுவில் ஒரு விரல்நீளக் குப்பியைக் காப்பாற்ற முடியாது.

சுற்றிலும் சனங்கள் மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். வெள்ளைத் தலையும் சிவப்புத் துண்டும் தனியாகத் தெரிந்தன. தொண்டர்கள் இரண்டு பேர் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

வையாபுரி துண்டை உருவிச் சட்டியின் மேல் போட்டார். சட்டியைத் தரையில் வைத்தார். அதன்மேல் கவிழ்ந்து, மற்றவர்களைப் போலவே மண்டியிட்டு, நெற்றி மண்ணில் படக் குனிந்தார்.

தொண்டர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் போகிறபோக்கில் "ஸ்தோத்திரம் தாத்தா" என்றான்.

சிறிது நேரம் காத்திருந்துவிட்டு ஊழியக்காரர் அடுத்தவரை அழைத்தார்.

ஜெபக்கனி இறங்கி வந்தபோதும் வையாபுரி நிமிரவில்லை. பெனினாள்தான் அவர் தோளைத் தட்டினாள்.

"தாத்தா, பசிக்கி."

மைதானத்துக்கு வெளியே, பள்ளிச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஜெபக்கனி குப்பியை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினாள். உதடு அசைந்தது. வெளிச்சத்தில் அளவு பார்த்தாள். ஊசி போட்டாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு அரைமணி நேரம் ஆகட்டும் என்றாள். பெனினாள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

வையாபுரியின் முழங்காலில் சிராய்ப்பு. வேட்டியில் மண். எட்டு வருடப் பேச்சு உள்ளேயே கிடந்து கனத்தது. அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"மேடையில விசுவாசிக்கேன்னு சொன்னியே."

"ஆமா."

"ஊசியை எங்கிட்டக் குடுத்துட்டுப் போய் அதச் சொன்ன."

"ஆமா."

"அப்ப அது பொய்யா?"

ஜெபக்கனி டப்பாவை மூடி மணலில் புதைத்தாள். ஈரத்துணியைச் சரியாகப் போர்த்தினாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மேல நின்னா எல்லாம் தெரியும் அண்ணாச்சி. நீங்க முழங்கால்ல இருந்திய. நெத்தி தரையில இருந்துச்சு. அது பொய்யா?"

 வையாபுரி ஈரத்துணியை விலக்கி, சட்டிக்குள் விரலை விட்டு, மணலில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார்.