இன்னும் ஒரு பொந்து

ஒரு காட்டில், ஆற்றங்கரையை ஒட்டி, பட்டுப்போன இலவமரம் ஒன்று நின்றது. முந்தைய ஆண்டுப் புயலில் மற்ற பட்ட மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. பொந்து குடைய ஏற்ற மரம் அந்தக் காட்டில் இனி அது ஒன்றுதான்.

அந்த மரத்தில் ஒரு மரங்கொத்தி இருந்தது. யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்ல அதற்குத் தெரியாது.

கோடை தொடங்கியதும் கிளி வந்து நயமாகப் பேசியது. தனக்கு ஒரு பொந்து வேண்டும் என்றது. மரம் காட்டுடையது, அலகு மரங்கொத்தியுடையது, ஆகவே இதில் செலவென்று எதுவும் இல்லை என்றும் சொன்னது. மரங்கொத்தியும் நாள்கணக்கில் கொத்தி ஒரு பொந்து குடைந்து கொடுத்தது. அடுத்து மைனா வந்தது. அதற்கும் ஒன்று கொடுத்தது.

இப்படியே கோடை கழிந்தது. மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கியபோது மரங்கொத்தியின் வயிற்றில் முட்டை கனத்தது. தங்குவதற்கோ அதற்கென்று ஒரு பொந்து இல்லை. மரத்தில் இன்னும் ஒரு பொந்துக்குத்தான் இடம் இருந்தது. மழைக்கு முன் ஒன்றைக் குடையத்தான் பொழுதும் இருந்தது. விடிந்ததும் விடியாததுமாக அது கொத்தத் தொடங்கியது.

சத்தம் கேட்டு ஆந்தை வந்து கிளையில் அமர்ந்தது. அந்தக் காட்டின் பறவைகள் எல்லாம் அதற்கு அஞ்சும்.

"பொந்தின் வாயை இன்னும் அகலமாகக் கொத்து. இந்தப் பொந்து எனக்கு" என்றது.

மரங்கொத்தி கொத்துவதை நிறுத்தியது. 'சரி' என்ற சொல் வழக்கம்போல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வயிற்றின் கனத்தை நினைத்து அதை விழுங்கிக்கொண்டது.

"முடியாது. இது என் முட்டைகளுக்கு."

ஆந்தையிடம் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. அது கண்களை உருட்டியது. அதன் கோபம் மரத்திலுள்ள எல்லோர் மேலும் பாயுமோ என்று பயந்து கிளி தன் பொந்திலிருந்து தலையை நீட்டியது.

"அக்கா, ஒரு பொந்துதானே, கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு என்ன செலவு?"

"காட்டட்டுமா?" என்றது மரங்கொத்தி. "நீ வெளியே வா. உன் பொந்தில் நான் முட்டையிடுகிறேன். பிறகு இதை ஆந்தைக்கே குடைந்து தருகிறேன்."

"அது எப்படி அக்கா? என் குஞ்சுகள் மழையில் எங்கே போகும்?"

"அதுதான் செலவு. இத்தனை நாளும் அதை நான் ஒருத்தியே சுமந்தேன்."

கிளி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மரங்கொத்தி மைனாவின் பொந்தைத் திரும்பிப் பார்த்தது. மைனாவும் உள்ளே பதுங்கிக்கொண்டது.

வேலை முடிந்ததும் வந்து பிடுங்கிக்கொள்வதாக மிரட்டிவிட்டு ஆந்தை பறந்தது. மரங்கொத்தி அதன் காதில் விழட்டும் என்றே முன்னைவிடப் பலமாகக் கொத்தியது. பொந்தின் வாயைத் தன் உடல் நுழையும் அளவுக்குமேல் ஒரு துளிகூட அகலப்படுத்தவில்லை.

தூறல் விழத் தொடங்கிய மாலையில் ஆந்தை சொன்னபடியே வந்தது. தலை நுழையவில்லை. காலை உள்ளே விட்டுத் துழாவியது. மரங்கொத்தி முட்டைகளுக்கு முன்னால் அசையாமல் நின்றது. மரத்தையே துளைக்கும் அலகால் அந்தக் காலில் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தியது. ஆந்தை அலறிக்கொண்டு பறந்துபோய், அந்த மழைக்காலம் முழுவதும் ஒரு பாறை இடுக்கில் ஒண்டிக் கிடந்தது.

மழை கொட்டித் தீர்த்தது. மரங்கொத்தியின் குஞ்சுகள் நனையாமல் வளர்ந்தன. சில பறவைகள் அதைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசின. மரங்கொத்தி அதை மறுக்கப் போகவில்லை. குஞ்சுகளுக்கு இரை தேடவே அதற்குப் பொழுது சரியாக இருந்தது.

நீதி: ஒன்றைக் கொடுப்பதற்காக நாம் எதை இழக்கிறோமோ அதுவே அதன் விலை, அந்த விலையை அறிந்தவர் 'முடியாது' என்று சொல்ல அஞ்ச வேண்டியதில்லை.